இன்னும் ஒரு கொதி

எங்கள் ஆயாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருந்தது. எதிரில் நிற்கிற ஆள் நிழலாகத் தெரியும். வாயைத் திறந்தால்தான் இன்னார் என்று சொல்லும். அந்த ஆயாதான் எனக்குச் சோறு வடிக்கக் கற்றுக்கொடுத்தது. அடுப்படி நிலைப்படியில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, பானைப் பக்கம் முகத்தைக்கூடத் திருப்பாமல்.

அது 1981, ஐப்பசி. எனக்குப் பன்னிரண்டு வயது. சென்னையிலிருந்து கும்பகோணம் போகிற பஸ்ஸில் தூக்கம் கலைகிற ஊர் என்றுதான் சேத்தியாத்தோப்பைப் பலருக்குத் தெரியும். எங்களுக்கு அது ஒரு பக்கம் வெள்ளாறும் ஒரு பக்கம் வீராணமுமாக, ஈரத்துக்கு நடுவில் இருந்த ஊர். பொன்னியின் செல்வனில் வந்தியத்தேவன் குதிரையில் வந்த ஏரிக்கரையில் நாங்கள் மாடு ஓட்டிக்கொண்டு போனோம். ஏரித் தண்ணீர் வாய்க்காலில் வந்துவிட்டால் சம்பா நடவு. நடவு வந்துவிட்டால் அம்மா விடிவதற்கு முன்பே வயலுக்குப் போய்விடுவாள். அக்காவை அந்த ஆவணியில்தான் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அடுப்படிக்கு மிச்சம் இருந்தது கண் தெரியாத ஆயாவும் நானும்தான்.

“ஆம்பளப் புள்ளய அடுப்புல உக்கார வெக்கிறியே” என்று பக்கத்து வீட்டு அத்தை கேட்டது. “வயிறு மட்டும் ஆம்பள வயிறு, பொம்பள வயிறுன்னு தனியா இருக்குதா?” என்றது ஆயா. அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

முதல் வேலை கல் பொறுக்குவது. அப்போது அரிசியில் கல் இல்லாத வீடு கிடையாது. முறத்தில் புடைத்து, பெரிய கல்லைக் கையால் எடுத்துவிட்டு, சின்னக் கல்லை அரிக்கஞ்சட்டியில் அரித்து எடுக்க வேண்டும். உள்பக்கம் வரிவரியாக மேடு வைத்த மண் சட்டி அது. தண்ணீர் விட்டு லேசாகச் சுழற்றிச் சுழற்றிச் சாய்த்தால் அரிசி தண்ணீரோடு வழிந்து அடுத்த பாத்திரத்துக்குப் போகும். கல் வரியில் தங்கிவிடும். இந்தச் சுழற்சி எனக்குக் கடைசி வரை சரியாக வரவில்லை. அரிசியும் தங்கும், கல்லும் போகும். சாப்பிடும்போது பல்லில் ‘நறுக்’ என்றால் ஆயா மென்றுகொண்டே, “இது என் பங்குக்கு வந்த கல்லு” என்று சொல்லித் துப்பும்.

முதல் இரண்டு களைசல் தண்ணீரைக் கொட்டக் கூடாது. அது மாட்டுக்கு. கொல்லையில் இருந்த தொட்டியில் ஊற்ற வேண்டும். காய்கறித் தோல், பழைய கஞ்சி எல்லாம் அங்கேதான் சேரும். களைசல் தண்ணீர் எவ்வளவு வெள்ளையாக இருக்கிறது என்று ஆயா கேட்கும். “பால் மாதிரி” என்றால், “அப்ப இன்னொரு தடவ.” “மோர்த் தண்ணி மாதிரி” என்றால், “போதும், சத்த ஏன் ஆத்துல விடற.”

பிறகு உலை. அரிசியைப் போல ஐந்தாறு பங்கு தண்ணீர். வடிக்கிற சோற்றில் இந்த அளவு கூடக்குறைய இருந்தாலும் பாதகமில்லை, அதுதான் அதன் பெருந்தன்மை. ஆனால் தண்ணீர் கொதிக்காமல் அரிசியைப் போடக் கூடாது. ஐப்பசி மழையில் விறகெல்லாம் ஈரம். ஊதாங்குழலால் ஊதி ஊதி எனக்குக் கண் சிவந்து, மூக்கு ஒழுகி, புகையில் நானும் ஆயாவைப் போல ஆகிவிடுவேன். சில வீடுகளில் நெய்வேலியிலிருந்து வரும் லெக்கோ கரி எரிப்பார்கள். புகை இருக்காது. ஆயாவுக்கு அது பிடிக்காது. “அணைக்கணும்னா அணையாது, ஏத்தணும்னா ஏறாது, சொல்பேச்சுக் கேக்காத நெருப்பு” என்னும். விறகென்றால் ஒரு கட்டையை வெளியே இழுத்தால் போதும்.

உலை காய்ந்ததா என்று தெரிந்துகொள்ள நான் தட்டைத் திறந்து திறந்து பார்ப்பேன். “தொறக்காத. கேளு” என்று ஆயா அதட்டும்.

கேட்டேன். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு பானையின் அடியில் ஈ பறப்பதுபோல மெல்லிய ஓசை. அப்புறம் தட்டு நடுங்க ஆரம்பித்தது. “இப்ப” என்றது ஆயா. களைந்து ஊறிய அரிசியைப் போட்டதும் பானை ஒரு நிமிஷம் ஊமையாகிவிட்டது. மறுபடி கொதி வர, அடியிலிருந்து ஒரே ஒரு துழாவல். அதற்குமேல் கிண்டினால் சோறு நொய்யாக உடையும். நுரை பொங்கி வந்தபோது கட்டையை இழுத்துவிட்டு, தட்டைக் கொஞ்சம் நகர்த்தி, பானை வாயில் அகப்பையைக் குறுக்கே வைத்தேன்.

அடுத்து நடப்பதுதான் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம். வேகாத அரிசி கொதிக்கிற சத்தம் வேறு, வெந்த சோறு கொதிக்கிற சத்தம் வேறு. முதலில் கூழாங்கல் மேல் ஓடுகிற தண்ணீர் மாதிரி சலசலவென்று இருக்கும். அரிசி தண்ணீரைக் குடித்துப் பருக்கப் பருக்க, கஞ்சி கெட்டிப்பட, அந்தச் சலசலப்பு அடங்கித் தளதளவென்று தடித்துவிடும். குமிழி மெதுவாக வந்து மெதுவாக உடையும். “சத்தம் தடிச்சிடுச்சா?” என்று கேட்கும் ஆயா. நான் “தடிச்சிடுச்சு” என்பேன். அது காதைக் கொஞ்சம் சாய்த்து, “பொய். இன்னும் ஒரு கொதி பொறு” என்னும்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று ஊரே சொல்கிறது. ஆயா அதை ஒப்புக்கொள்ளாது. மேலே இருக்கிற சோறு பொய் சொல்லுமாம். மேலே ஒன்று, நடுவில் ஒன்று, அடியில் ஒன்று, மூன்று பருக்கையை அகப்பையில் எடுத்துக்கொண்டுபோய் அதன் உள்ளங்கையில் வைக்க வேண்டும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அழுத்தும். மாவாக மசிந்தால் போச்சு, நேரம் கடந்துவிட்டது. நடுவில் மணல்போல நெருடினால் இன்னும் வேண்டும். நசுங்கியும் நசுங்காமல், நடுவில் ஊசிமுனை அளவு மட்டும் ஏதோ தடுக்கிற மாதிரி இருந்தால் அதுதான் வடிக்கிற நேரம். அந்த ஊசிமுனை வடித்த பிறகு பானையின் சூட்டிலேயே வெந்துவிடும். முழுக்க வெந்த பிறகு வடிப்பவர்களின் சோறு, இலையில் விழும்போது குழைந்திருப்பது இதனால்தான். எத்தனை கல்யாண வீட்டில் பார்க்கிறேன்.

வடிப்பதற்குக் கைத்துணி இரண்டு, வடிதட்டு ஒன்று, கீழே கஞ்சிக்கு ஒரு குண்டான். பானையை மணைமேல் சாய்த்து, தட்டை அழுத்திப் பிடித்து, ஒரே சாய்ப்பாகச் சாய்க்க வேண்டும். பயந்து பாதியில் நிறுத்தினால் ஆபத்து. நான் பயந்தேன், பாதியில் நிறுத்தினேன். தட்டு விலகி, கால்வாசிச் சோறு கஞ்சிக்குள்ளும் ஒரு கை கஞ்சி என் இடது பாதத்தின் மேலும் விழுந்தது. ஆயா பதறி எழுந்து, சுவரைத் தடவிக்கொண்டு வந்து, ஒரு குடம் பச்சைத்தண்ணீரையும் என் காலில் ஊற்றியது. அடுப்பும் அணைந்துவிட்டது. அன்றைக்குச் சாயங்காலம் சேற்றுக்காலோடு வந்த அம்மா அந்தக் குழைந்த சோற்றில் கருவாட்டுக் குழம்பை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. கை கழுவும்போது, “கஞ்சி கஞ்சின்னு நெனச்சி சாப்ட்டா நல்லாத்தான் இருக்குது” என்றாள். பாதத்தில் அந்தத் தழும்பு காசு அளவுக்கு இன்னும் இருக்கிறது.

நான்காவது நாளோ ஐந்தாவது நாளோ சரியாக வடித்தேன். கஞ்சி சொட்டுச் சொட்டாக நின்ற பிறகு பானையை நிமிர்த்தி, நெருப்பை இழுத்துவிட்ட தணலில் கொஞ்ச நேரம் வைத்துத் திறந்தபோது, சோறு ஒன்றன்மேல் ஒன்று படாமல் நின்றுகொண்டிருந்தது. ஆயா ஒரு வாய் போட்டுக்கொண்டு, “அரிசி பழசு. அதான் ஒனக்கு விட்டுக்குடுத்துது” என்றது. எனக்குக் கோபம். ஆனால் அது சொன்னது உண்மை. அறுத்து ஆறேழு மாதமாவது ஆன அரிசி நிறையத் தண்ணீர் குடிக்கும், நீளும், ஒட்டாது. தை அறுப்பு முடிந்து மாசியில் ஆக்குகிற புது அரிசி எவ்வளவு பார்த்து வடித்தாலும் கையோடு கையாக ஒட்டிக்கொள்ளும். அதற்குத் தண்ணீரும் குறைவு, நேரமும் குறைவு. ஒரே வயல், ஒரே ரகம், ஒரே பானை. ஆனாலும் மாசிச் சோறு வேறு, ஐப்பசிச் சோறு வேறு.

எங்களுக்கு அந்த வருஷம் ஐ.ஆர்.20. பொன்னி விளைத்தவர்கள்கூட அதை விற்றுவிட்டு ஐ.ஆர்.20 சாப்பிட்டார்கள். நெல்லை வீட்டிலேயே அவிப்போம். ராத்திரி ஊறப்போட்டு, விடியற்காலையில் பெரிய அண்டாவில் ஏற்றி, உமி வாய் பிளக்கிறவரை ஆவியில் விட்டுக் களத்தில் கொட்டிக் காயவைப்பது. அவிந்த நெல்லின் வாசனை தெருக்கோடி வரைக்கும் போகும். அதை வெயிலில் ஒரேயடியாகக் காயவிட்டாலும் கெட்டது. மில்லில் அரைக்கும்போது குருணையாகிவிடும். காலால் கிண்டிக் கிண்டிக் காயவிட்டு, நிழலில் ஆறவிட்டு மறுபடி காயவிடுவாள் அம்மா.

இந்த அவிக்கிற வேலையின் அருமை எனக்குப் பின்னால் படித்தபோதுதான் தெரிந்தது. ஆவியில் வேகும்போது தவிட்டில் இருக்கிற பி வைட்டமின் கொஞ்சம் அரிசிக்கு உள்ளே இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் முழுக்கப் போவதில்லை. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் மலேயாவில் பெரிபெரி நோய் ஆளை அள்ளிக்கொண்டு போனபோது, தீட்டிய பச்சரிசி சாப்பிட்ட சீனத் தொழிலாளிகள் கால் வீங்கிச் செத்தார்கள். புழுங்கலரிசி சாப்பிட்ட தமிழர்கள் பெரும்பாலும் தப்பினார்கள். பிராடன் என்ற டாக்டர் இதைக் கவனித்து 1907இல் புத்தகமே எழுதினார். வைட்டமின் என்ற சொல்லே அதற்கப்புறம் 1912இல்தான் வந்தது. அந்த மலேயாவிலிருந்துதான் மஷூரி என்ற நெல் நம் பக்கம் வந்து, 1971இல் பொன்னி என்று பேர் வாங்கிக்கொண்டது. காவிரியின் பேரை வைத்துக்கொண்டதால் அது நம் ஊர் நெல் என்றே எல்லாரும் நினைக்கிறார்கள். நானும் நினைத்திருந்தேன்.

கஞ்சிக்கு எங்கள் வீட்டில் ஐந்தாறு சொந்தக்காரர்கள். வடித்ததும் ஒரு டம்ளர் ஆயாவுக்கு. ஒன்று எனக்கு. விருத்தாசலத்தில் வாங்கிய பீங்கான் ஜாடி ஒன்று அடுப்பங்கரை மாடத்தில் இருக்கும். கழுத்து மட்டும் பழுப்பு, உடம்பு வெள்ளை. விருத்தாசலத்துக்காரர்கள் ஜாடியும் பொம்மையும் செய்தே பேர் வாங்கியவர்கள். அந்த ஜாடியிலிருந்து கல்லுப்பு இரண்டு எடுத்துப் போட்டால், கரைவதற்குள் குடித்துவிட வேண்டும். அப்போதுதான் கடைசி வாயில் உப்பு கரிக்கும். பாக்கிக் கஞ்சியில் தாத்தா வேட்டிக்குக் கொஞ்சம், அம்மாவின் வாயில் புடவைக்குக் கொஞ்சம், மாட்டுத் தொட்டிக்கு மீதி. மழைக்காலத்தில் கஞ்சி போட்ட வேட்டி காயாமல் புளித்த வாடை அடிக்கும். தாத்தா அதைக் கட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனால், யார் வீட்டில் இன்றைக்கு எத்தனை மணிக்கு வடித்தார்கள் என்று நாய்க்குக்கூடத் தெரியும் என்று ஆயா கிண்டல் செய்யும்.

தைப்பூசத்துக்கு ஆயாவை வடலூர் கூட்டிப்போவது என் வேலை. வள்ளலார் 1867இல் தருமச்சாலை தொடங்கி மூட்டிய அடுப்பு அன்றுமுதல் அணையவே இல்லை என்பார்கள். பசி என்று வந்தவருக்குச் சாதி கேட்காமல் சோறு. வழியெல்லாம் அன்னதானப் பந்தல். அங்கே அண்டாவை இரண்டு பேர் சாக்குத்துணியால் பிடித்துத் தூக்கி மூங்கில் கூடையில் கவிழ்ப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். கூடையின் கண்ணெல்லாம் கஞ்சி பீறிட்டது. ஒரு மேகம் எழுந்து ஆளை மறைத்தது. என்ன நடக்கிறது என்று ஆயா கேட்டுக்கொண்டே வர, நான் சொல்லிக்கொண்டே வந்தேன். அணையா அடுப்பைப் பற்றிச் சொன்னபோது கையெடுத்துக் கும்பிட்டது. கொஞ்சதூரம் நடந்த பிறகு என் காதோரம் வந்து கேட்டது: “அணையாத அடுப்புன்னா, சோறு வெந்தப்புறம் எப்பிடிடா தீயத் தணிப்பாங்க?”

நான் 1992இல் சென்னைக்கு வந்தேன். சைதாப்பேட்டையில் மூன்று பேரோடு ஓர் அறை, ஒரு பம்ப் ஸ்டவ். சோறு என் பொறுப்பு. இரண்டு பேருக்கு அரிசி களையக்கூடத் தெரியாது, ஒருவன் களைவதாகச் சொல்லிப் பாதியை வாஷ்பேசினுக்குத் தானம் செய்வான். நான் கர்வத்தோடு வடித்தேன். சோறு மஞ்சளாக வந்தது. அரிசியைக் குறை சொன்னேன், கடையை மாற்றினேன், அதுவும் மஞ்சள். அப்புறம்தான் தெரிந்தது, தப்பு தண்ணீரில். போர் தண்ணீர் உப்பும் காரமுமாக இருந்தால் அரிசி மஞ்சளடிக்கும். கொதிக்கிற உலையில் எலுமிச்சம்பழம் நாலு சொட்டுப் பிழிந்தால் வெளுக்கும். வெளுத்தது, ஆனால் ருசி வரவில்லை. “பழைய அரிசிதான் சார்” என்று சத்தியம் செய்து கொடுத்த ஒரு மூட்டை பத்தாவது நிமிஷத்தில் களியானதும் அந்த அறையில்தான். அதற்கு மேல் நண்பர்கள் என்னை நம்பவில்லை. குக்கர் வந்தது.

குக்கரைத் திட்டுவது நினைவுக் கட்டுரை எழுதுகிறவர்களுக்கு ஒரு சடங்கு. நான் திட்டமாட்டேன். அரிசியைச் சரியாகத் தெரிந்து, அதற்கேற்ற தண்ணீர் வைத்து, அரைமணி ஊறவிட்டு, ஆவி தானாக அடங்குகிறவரை மூடியில் கை வைக்காமல் இருந்தால் குக்கர் நல்ல சோறு தரும். கஞ்சியோடு போகிற சத்தும் உள்ளேயே நிற்கும். வடித்த சோற்றில் சர்க்கரையே இருக்காது என்று என் மச்சான் டாக்டரிடமே வாதாடிவிட்டு வந்தார். கஞ்சியில் கொஞ்சம் மாவுச்சத்து போகும், பி வைட்டமினும் கூடவே போகும், தட்டில் குவிந்திருப்பதும் மாவுச்சத்துதான். ஜப்பானில் தோஷிபா கம்பெனி 1955இல் விற்பனைக்குக் கொண்டுவந்த மின்சார ரைஸ் குக்கர் வேலை செய்கிற விதத்தைப் படித்தபோது எனக்கு ஆயா நினைவுதான் வந்தது. தண்ணீர் இருக்கிறவரை பாத்திரம் 100 டிகிரியைத் தாண்டாது. தண்ணீர் தீர்ந்ததும் சூடு சட்டென்று ஏறும். அந்த மாற்றத்தை உணர்ந்து சுவிட்ச் விழுந்துவிடும். அதுவும் தட்டைத் திறந்து பார்க்காமல் பதம் அறிகிற சமையல்தான்.

சின்ன வயதில் நாங்கள் வடலூர் போகும்போதெல்லாம் சாலையோரத்தில் பெரிய பெரிய சிமெண்டுக் குழாய்கள் கிடக்கும். வீராணம் தண்ணீரைச் சென்னைக்குக் கொண்டுபோக என்று போட்டு, திட்டம் நின்றுபோனதால் அப்படியே கிடந்தவை. சிலவற்றில் குடும்பமே நடந்தது. வாசலில் கோலம், உள்ளே தூளி. ஒரு குழாயின் வாயில் மூன்று கல் கூட்டி ஓர் அம்மா சோறாக்கிக்கொண்டிருந்ததை பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன். பிறகு புதுக் குழாய் பதித்து 2004இல் தண்ணீர் வந்தேவிட்டது. சேத்தியாத்தோப்புப் பக்கம் பூதங்குடியில் ஏற்றி, வடக்குத்தில் சுத்தம் செய்து, இருநூறு கிலோமீட்டருக்கும் மேல் ஓட்டிவந்து போரூரில் விடுகிறார்கள். அப்போது நாங்கள் வளசரவாக்கத்தில் சொந்த ஃபிளாட்டுக்கு வந்திருந்தோம். ஊரைவிட்டு வந்தவன் நான் ஒருவன்தான் என்று நினைத்திருந்தேன், பின்னாலேயே ஏரியும் வந்துவிட்டது. அந்த வருஷம் சென்னையில் பலர் குடத்தோடு நின்ற நேரம்; ஊரில் நடவுக்குத் தண்ணீர் போதுமா என்று சித்தப்பா போனில் கேட்ட நேரமும் அதுதான். இரண்டு பக்கமும் நான் வாயைத் திறக்கவில்லை.

ஆயா அதைப் பார்க்க இல்லை, 1996இல் போய்விட்டது. அம்மாதான் 2005 தைக்கு அப்புறம் வந்தாள். வந்த அன்றே குழாயைத் திறந்து உள்ளங்கையில் ஏந்தி ஒரு வாய் குடித்தாள். “மருந்து வாடை அடிக்குது. இதுவா நம்ம ஏரித்தண்ணி?” என்றாள். மறுநாள் காலையில் எழுந்து பார்த்தால் குக்கரை ஓரமாகக் கவிழ்த்துவிட்டு, என் மனைவியிடம் பெரிய பாத்திரம் கேட்டு வாங்கி உலை வைத்திருந்தாள். ஊரிலிருந்து கொண்டுவந்த அரிசி. கேஸ் அடுப்பில் தீயைக் குறைக்கத் தெரியாமல் இரண்டு முறை அணைத்தாள். நான் பல் தேய்த்துக்கொண்டே ஹாலில் நின்றேன். சலசலவென்று கேட்டது. கொஞ்ச நேரத்தில் தடித்தது. “வடிச்சிடலாம்மா” என்றேன். அம்மா திரும்பிப் பார்த்துவிட்டு, “இன்னும் ஒரு கொதி” என்றாள்.

வடித்துப் பாத்திரத்தை நிமிர்த்தி மூடிவைத்தாள். கஞ்சி ஒரு குண்டான் நிறைய, ஆவி பறந்துகொண்டிருந்தது. இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு பால்கனிக்குப் போனாள், கீழே எட்டிப் பார்த்தாள். மூன்று மாடிக்குக் கீழே ஸ்கூட்டர்கள் நின்றன. திரும்பி வந்து சிங்க் முன்னால் நின்றாள். என் சட்டையெல்லாம் இஸ்திரிக் கடையில். அவளே பாலியஸ்டர் புடவைக்கு மாறிப் பல வருஷம் ஆகிறது.

“ஏம்பா, இத எங்க ஊத்தறது?”

என் மனைவி சிங்க்கைக் காட்டினாள். அம்மா நகரவில்லை. நான் போய் விருத்தாசலத்து ஜாடியை இறக்கினேன். ஆயா போன பிறகு அதை நான்தான் எடுத்துவந்திருந்தேன், விளிம்பில் ஒரு சில்லுப் போயிருந்தது. மூன்று டம்ளர் எடுத்து வைத்தேன். அம்மா கல்லுப்பைத் தேடிக் கையை விட்டாள். உள்ளே இருந்தது தூளுப்பு. “இது ஒடனே கரைஞ்சிடுமே” என்று சொல்லிக்கொண்டே ஒரு சிட்டிகை போட்டு, நின்ற வாக்கிலேயே குடித்தாள்.